எல்லா சபைக்கும் வருகிறவர்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் சந்துக்குள் வந்து, சனிக்கிழமை காலையில் எந்த வீட்டிலிருந்து திராட்சை கொதிக்கிற வாசனை வருகிறதோ அதுதான் கேரலக்கா வீடு என்று கூரியர்காரனுக்கே வழி சொல்லிவிடலாம். போன வருஷம்வரை அப்படித்தான் இருந்தது. இப்போது அந்த வீட்டிலும் எல்லார் வீட்டையும் போல வெங்காயம் வதங்குகிற வாசனைதான்.

அவள் செய்த தொழிலுக்குப் பெயர் கிடையாது. கிறிஸ்தவ சபைகளில் மாதம் ஒருமுறை ஒரு துண்டு அப்பமும் ஒரு மடக்கு திராட்சை ரசமும் கொடுப்பார்கள் இல்லையா, அதைச் செய்து கொடுப்பாள். நாலு சபைக்கு. சி.எஸ்.ஐ.காரர்கள் அதைத் திருவிருந்து என்பார்கள். லுத்தரன்காரர்களுக்கு அது இராப்போஜனம். பெந்தெகொஸ்தேகாரர்கள் கர்த்தருடைய பந்தி என்பார்கள். மெதடிஸ்ட்டுகாரர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். கேரலக்காவுக்கு எல்லாமே ஆர்டர்தான்.

ஒரு சபைக்கு உப்பு, ஈஸ்ட் எதுவும் இல்லாத அப்பம் வேண்டும். இன்னொரு சபைக்கு பேக்கரி பிரெட்டை ஓரம் வெட்டித் துண்டு போட்டால் போதும். ஒருத்தர் அப்பத்தின் மேல் சிலுவைக் கோடு வேண்டும் என்பார். இன்னொருத்தர் சிலுவைக் கோடு போட்டால் விக்கிரகம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

"இயேசு ஒரே ஒரு ரொட்டிய எடுத்துப் பிட்டாரு மலரு. எனக்கு மட்டும் நாலு விதமா மாவு பிசைய வேண்டியிருக்குது" என்பாள்.

ரசத்தில்தான் பெரிய வித்தியாசம். சி.எஸ்.ஐ.க்கும் லுத்தரனுக்கும் புளித்த ரசம், அதாவது ஒயின். பெங்களூர் நீலத் திராட்சையை நசுக்கி, சர்க்கரையும் கொஞ்சம் கோதுமையும் ஈஸ்ட்டும் போட்டு, ஜாடி வாயைத் துணியால் கட்டி, மரக்கரண்டியால் தினமும் கிண்டி, நாற்பது நாளைக்கு மேல் வைப்பாள். கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் இருந்தபோது மாமியாரிடம் கற்றது. சுரங்கத்து லைனில் கிறிஸ்தவ வீடு என்றால் கிறிஸ்மஸுக்கு ஒரு ஜாடி ஒயின் இருக்கும். மெதடிஸ்ட்டுக்கும் பெந்தெகொஸ்தேவுக்கும் புளிக்காத ரசம். உலர்ந்த திராட்சையை ஊறவைத்து, வேகவைத்து, மசித்து, வடிகட்டி அன்றைக்கே கொடுப்பது. பார்வைக்கு இரண்டும் ஒரே நிறம். இரண்டையும் பழைய ஜூஸ் பாட்டிலில்தான் ஊற்றுவாள். மாறிவிடாமலிருக்கக் கழுத்தில் நூல் கட்டுவாள். சிவப்பு நூல் என்றால் புளித்தது. நீல நூல் என்றால் புளிக்காதது.

அவள் பிறந்தது லுத்தரன். தாலி கட்டிக்கொண்டது மெதடிஸ்ட்டில். புருஷன் போன பிறகு தனக்குக் கல்லறையில் இடம் வேண்டுமே என்று சேர்ந்தது சி.எஸ்.ஐ. சுரங்கம் மூடியதும் அவள் புருஷன் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்து வந்து, கடைசியில் இங்கேயே வீடு பிடித்தார். கொரோனாவுக்கு முந்தின வருஷம் போய்ச் சேர்ந்தார். ஒரே மகன் மஸ்கட்டில். அதனால் அவளுக்கு ஆர்டர்தான் துணை.

இனி என் கதையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அவள் கதை புரியாது.

என் புருஷன் பால்ராஜ் குடிகாரர். வெல்டிங் வேலை. கை நல்ல கை, வாய்தான் கெட்ட வாய். நாங்களும் சி.எஸ்.ஐ.தான். ஐயரிடம், அதாவது சபைப் போதகரிடம் சொன்னேன், ஜெபித்தார். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் யாரோ கூட்டிப்போய், மர்பி டவுன் பக்கம் ஒரு மாடியில் கூடுகிற பாஸ்டர் பச்சைமுத்துவின் பெந்தெகொஸ்தே சபையில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே என்ன ஆனதோ, மனுஷன் நிறுத்திவிட்டார். நானும் பின்னாலேயே போனேன். அங்கே நகை போடக் கூடாது. கம்மலைக் கழற்றினேன், தாலியைக் கழற்றினேன். எங்கள் அக்கா அழுதாள். புருஷன் குடிக்க மாட்டான் என்றால் காதையே அறுத்துக் கொடுத்திருப்பேன், கம்மல் என்ன பெரிய கம்மல்.

நாலு வருஷம் ஏழு மாசம் அந்த மனுஷன் ஒரு சொட்டு தொடவில்லை.

செப்டம்பர் முதல் ஞாயிறு. எனக்கு சிக்கன்குன்யா, கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. அவர் மட்டும் நீலச் சட்டை போட்டுக்கொண்டு சபைக்குப் போனார். அன்றைக்குப் பந்தி. மத்தியானம் வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை. மறுநாள் பதினோரு மணிக்கு வந்தார். சட்டைப் பாக்கெட் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. வாசலில் நிற்கும்போதே வாடை எனக்குத் தெரிந்துவிட்டது.

"எங்கய்யா குடிச்சே?" என்றேன்.

"கர்த்தரே குடுத்தாரு மலரு. நான் குடிச்சேன்."

"என்னாது?"

"பந்தியில. கப்புல இருந்துச்சு. நாக்குல பட்டதுமே தெரிஞ்சிபோச்சு. அது ஜூஸு இல்ல. நான் எழுந்து வெளிய வந்துட்டேன். ஆனா அதுக்குள்ள உள்ள போயிடுச்சு."

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதத்தான் வேண்டும். "குடிகார நாயே, குடிச்சதுமில்லாம ஆண்டவர் மேல பழி போடறியா?" என்றேன். கட்டிலோரத்தில் துடைப்பம் இருந்தது. அதையும் பயன்படுத்தினேன்.

அவர் சொன்னதை மாற்றவில்லை. அடுத்த வாரம் பாஸ்டரிடமும் அதையே சொல்லியிருக்கிறார். பாஸ்டர் சபைக்கு முன்னால் அவரை எழுப்பி நிற்க வைத்து, கர்த்தருடைய பந்தியைத் தூஷித்ததற்காகப் பந்தியிலிருந்து நிறுத்திவைக்கிறோம் என்றார். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். பாஸ்டர் பக்கம்தான் தலையாட்டினேன்.

அப்புறம் எட்டு மாசம் குடிதான். மஞ்சள் காமாலை, வயிறு வீக்கம், பெரிய ஆஸ்பத்திரி. மே மாதம் முடிந்துவிட்டது. பாஸ்டர் வீட்டுக்கு வந்து ஐந்து நிமிஷம் ஜெபித்துவிட்டுப் போனார், கல்லறைக்கு வரவில்லை. கேரலக்காதான் ஓடிப்போய் சி.எஸ்.ஐ. ஐயரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பழைய ரெஜிஸ்டரில் பேர் இருந்ததால் குழி கிடைத்தது.

அடக்கம் முடிந்த நாளிலிருந்து அவள் தினமும் எனக்குச் சோறு கொண்டுவந்தாள். ஒரு நாள் கூட்டு, ஒரு நாள் முட்டைக் குழம்பு. நல்ல மனசு என்று நினைத்தேன். ஆனால் ஆள் சரியில்லை. இளைத்துப் போனாள். டம்ளர் கீழே விழுந்தால் தூக்கிவாரிப் போடும் அவளுக்கு. பாட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு வாரம் சி.எஸ்.ஐ.க்குப் போவாள், மறுவாரம் லுத்தரனுக்கு, அடுத்த வாரம் கம்மனஹள்ளியில் ஏதோ ஒரு ஜெபக்கூடத்துக்கு. அப்பமும் ரசமும் உள்ள தட்டு வரும்போது எடுக்க மாட்டாளாம். செய்து கொடுக்கிறவளே வாயில் வைப்பதில்லை என்று சந்தில் பேச்சு. பாஸ்டர் பச்சைமுத்து சபைக்கு மட்டும், முடியலை, வேற யாராவது பாருங்க என்று முந்தின அக்டோபரிலேயே நிறுத்திவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். காரணம் கேட்டதற்கு இடுப்பு வலி என்றாள்.

ஆகஸ்ட்டில் ஒரு நாள் மத்தியானம். நான் வாசலில் உட்கார்ந்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தேன். அவள் தூக்குச் சட்டியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"உக்காருக்கா. நின்னா நெத்திலி குறையாது" என்றேன்.

உட்கார்ந்தாள். ஒரு நெத்திலியை எடுத்துத் தலையைக் கிள்ளிப் போட்டாள்.

"பால்ராஜ் வர்றாருடீ" என்றாள்.

"எந்த பால்ராஜ்?"

"உன் வீட்டுக்காரரு."

நெத்திலியைக் கீழே வைத்தேன்.

"கோயிலுக்கு வர்றாரு. கடைசி வரிசையில, கதவு ஓரமா உக்காந்திருக்காரு. தட்டு எடுத்துக்கிட்டு வந்தா எழுந்து வெளிய போயிடறாரு. மொதல்ல சி.எஸ்.ஐ.யில பாத்தேன். பயந்துபோயி லுத்தரனுக்குப் போனேன். அங்கயும் வந்தாரு. மெதடிஸ்ட்டுக்கும் வந்தாரு. எந்த சபைக்குப் போனாலும் எனக்கு முந்தி வந்து உக்காந்திருக்காரு."

"உனக்கு சர்க்கரை ஏறியிருக்கும்க்கா. டெஸ்ட் பண்ணு."

"பண்ணேன். சர்க்கரை இல்ல."

"கண்ணு?"

"கண்ணும் பாத்தாச்சு. நீலச் சட்டை போட்டிருக்காரு. பாக்கெட் கிழிஞ்சி தொங்குது."

வெயில் நேரம். சந்தில் காய்கறி வண்டிக்காரன் ஸ்பீக்கரில் கத்திக்கொண்டு போகிறான். எனக்கு முதுகில் தண்ணீர் ஊற்றினது போல இருந்தது. அந்தக் கிழிந்த சட்டையைக் கேரலக்கா பார்த்ததே இல்லை. வந்த அன்றைக்கே அதைக் கழற்றி வாங்கிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன். அடக்கம் பண்ணியது வெள்ளைச் சட்டையில்.

"ஏன்க்கா உன்கிட்ட வரணும் அவரு? நான்தானே பொண்டாட்டி?" என்று கேட்டேன்.

அப்போதுதான் சொன்னாள்.

பாஸ்டரம்மா கிரேஸுக்கு நூலே ஆகாது. கையில் கட்டினாலும் கழுத்தில் கட்டினாலும் பாட்டிலில் கட்டினாலும் அவளுக்கு அது தாயத்து. கர்த்தருடைய பந்திக்கு வருகிற பாட்டிலில் நூல் இருக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். இது அடையாளத்துக்கு என்று கேரலக்கா சொல்லியிருக்கலாம். எதற்கு அடையாளம் என்று கேட்டால், மற்ற சபைக்கு ஒயின் போகிறது என்று சொல்ல வேண்டிவரும். பாஸ்டர் பச்சைமுத்து அவளுக்குப் புது அலுமினியப் பாத்திரம் வாங்கிக் கொடுத்து, அதன்மேல் கை வைத்து ஜெபித்து, இது கர்த்தருக்கென்று பிரித்தெடுத்த பாத்திரம், இதில் வேறெதுவும் செய்யக் கூடாது என்று சொல்லியிருந்தார். நல்ல கனமான பாத்திரம். கேரலக்கா அதில்தான் எல்லா சபைக்கும் திராட்சை கழுவினாள். அதனால் வாயை மூடிக்கொண்டாள். கிரேஸ் வருவாள், நூலை அறுத்துப் போட்டுவிட்டு பாட்டிலை எடுத்துப் போவாள்.

அந்த செப்டம்பர் சனிக்கிழமை கேரலக்கா ஒரு வீட்டு ஜெபத்துக்குப் போயிருந்தாள். சாவி பக்கத்து வீட்டில். கிரேஸ் வந்து, முன்னால் நின்ற பாட்டிலை எடுத்து, நூலை அறுத்து, பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். கேரலக்கா திரும்பி வந்து பார்த்தால், நீல நூல் பாட்டில் அப்படியே நிற்கிறது. சிங்க்கில் சிவப்பு நூல் கிடக்கிறது.

"அப்ப உனக்கு சனிக்கிழமையே தெரியும்" என்றேன்.

"தெரியும்."

"போன் பண்ணலையா?"

"ரெண்டு தரம் பண்ணேன். உபவாச ஜெபம், சுவிட்ச் ஆஃப். அப்பறம்... சின்ன கப்புதானே, ஒரு மடக்குதானே, யாருக்கு என்னா ஆயிடும்னு விட்டுட்டேன் மலரு. சொன்னா ஆர்டரு போயிடும். நாலு சபைக்கும் தெரிஞ்சிடும். அதுல ஒருத்தரு இருக்காருன்னு எனக்கு நெனப்பு வரல. சத்தியமா வரல. உன் வீட்டுக்காரரு வந்து உக்கார்ற வரைக்கும் வரல."

நான் அவளை அடிக்கப் போகிறேன் என்றுதான் நினைத்திருப்பாள். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கையே எழவில்லை. என் காதில் அவள் குரல் இல்லை. கர்த்தரே குடுத்தாரு மலரு, நான் குடிச்சேன். அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

"யார்கிட்டயாவது சொன்னியா?" என்று கேட்டேன்.

"ஐயர்கிட்ட சொன்னேன். ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேந்து பாவ அறிக்கை சொல்றோமில்லையா, அதுல இதுவும் அடங்கும்மா, தைரியமா பந்திக்கு வாங்கன்னாரு. அதுக்குள்ள அவருக்கு ஒரு கல்யாண வீட்டு போன். சரின்னு ஆர்சி கோயிலுக்குப் போயி ஃபாதர்கிட்ட சொன்னேன். நீங்க எங்க சபை இல்லம்மா, பாவமன்னிப்பு குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல, ஆசீர்வாதம் வேணா தரேன்னு தலையில கை வச்சாரு. கை நல்லா சூடா இருந்துச்சு, அவ்ளோதான். கம்மனஹள்ளியில ஒரு பிரதரு, இது பிசாசுன்னு சொல்லி நெத்தியில கை வச்சி ஒரே தள்ளு. தள்ளுன தள்ளுல நான்தான் உழுந்தேன். உன் வீட்டுக்காரரு பின்னாடி உக்காந்து பாத்துக்கிட்டிருந்தாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. ரெண்டு பேரும் நெத்திலிக் கையோடு சிரித்து, அப்புறம் அழுதோம்.

"எழுந்திருக்கா. பாஸ்டர் வீட்டுக்குப் போவோம்" என்றேன். "அவரு பொய் சொல்லலன்னு அந்த ஆளு வாயாலயே சபையில சொல்லணும். எனக்கு அது வேணும்."

ஆட்டோ பிடித்துப் போனோம். பாஸ்டர் பச்சைமுத்து நல்ல மனுஷன்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். வட ஆற்காட்டிலிருந்து கூலி வேலைக்கு வந்து, தானும் குடித்துக் கெட்டு, பிறகு திருந்தியவர். பேரை மாற்றச் சொன்னபோது, கர்த்தர் என்னைப் பச்சைமுத்துன்னுதான் கூப்பிட்டாரு என்று மாற்றாமலேயே விட்டவர். கேரலக்கா சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது.

"அப்ப அந்தப் பாத்திரத்துலதான் எல்லாருக்கும் செஞ்சிருக்கீங்க" என்றார்.

"பாஸ்டர், ஒரு ஆளு செத்துப் போயிருக்காரு. நீங்க பாத்திரத்தப் பத்திப் பேசறீங்க" என்றேன்.

"சிஸ்டர், நீங்க துக்கத்துல இருக்கீங்க."

"துக்கம் மூணு மாசமா இருக்குது. இது வேற. அவரு சொன்னது நெஜம்னு ஞாயித்துக்கிழமை சொல்லுங்க."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "எப்படி சொல்றது? அன்னைக்கு அறுவது பேரு அதைக் குடிச்சிருக்காங்க. பாதிப் பேரு குடியில இருந்து வந்தவங்க. கர்த்தருடைய பந்தியில ஒயின் குடுத்தோம்னு தெரிஞ்சா சபை ரெண்டா போயிடும். ஏற்கெனவே ஒரு கூட்டம் பிரிஞ்சி கே.ஆர். புரம் போயிடுச்சு. சபைன்றது ஒரு சரீரம் சிஸ்டர். ஒரு விரல்ல புண்ணுன்னா துணி சுத்தி மறைக்கணும். ஊருக்குக் காட்டக் கூடாது."

"விரலுன்னு நெனச்சீங்களா அவரை? வெட்டி வெளியில எறிஞ்சீங்களே."

சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்த கிரேஸ் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நூலை அறுத்தது நான்தாங்க" என்று புருஷனைப் பார்த்துச் சொன்னாள். "கப்புல ஊத்தும்போதே வாடை வந்துச்சு. பழம் புளிச்சிருக்கும்னு நெனச்சிக்கிட்டேன்."

"நீ என்கிட்ட சொல்லலையே."

"நீங்க ஜெபத்துல இருந்தீங்க."

பாஸ்டர் முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ஜெபித்துப் பார்க்கிறேன் என்றார். ஜெபித்துப் பார்க்கிறேன் என்றால் முடியாது என்று அர்த்தம். எனக்கு அது முப்பது வருஷமாகத் தெரியும்.

செப்டம்பர் முதல் ஞாயிறு மறுபடியும் வந்தது. நானும் கேரலக்காவும் மாடி ஏறினோம். அவள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிப் பர்ஸில் போட்டுக்கொண்டாள், அந்த ஒரு மரியாதை செய்தாள். மேஜைமேல் வெள்ளைத் துணி மூடிய தட்டு இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு வந்த அந்தச் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கப்புகள். பாட்டு முடிந்து, சாட்சி சொல்லுகிறவர்கள் சொல்லலாம் என்றார் பாஸ்டர். ஒருத்தி மகளுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னாள். ஒருத்தர் சிறுநீரகக் கல் கரைந்ததைச் சொன்னார். கேரலக்கா எழுந்து நின்றாள். முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இந்த சபை இல்ல" என்று ஆரம்பித்தாள். "ஆனா போன வருஷம் வரைக்கும் நாலு வருஷமா நீங்க பந்தியில குடிச்சது என் கையால செஞ்சது."

எல்லாவற்றையும் சொன்னாள். பாத்திரத்தைச் சொன்னாள், நூலைச் சொன்னாள், சிங்க்கில் கிடந்ததைச் சொன்னாள், சனிக்கிழமையே தெரியும் என்பதையும் சொன்னாள். கிரேஸ் பேரை மட்டும் சொல்லவில்லை. கிரேஸே எழுந்து கேரலக்கா பக்கத்தில் வந்து நின்றாள். அதோடு எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

ஒருத்தி, "அன்னைக்கு எனக்கு அக்கினி மாதிரி உள்ள எறங்குச்சே, ஆவியானவருன்னு சாட்சி கூட சொன்னேனே" என்று புலம்பினாள். யாரும் சிரிக்கவில்லை.

பின்னாலிருந்து ஆட்டோ ஓட்டுகிற கோவிந்தப்பா எழுந்தார். கன்னடக்காரர், பதினோரு வருஷமாகக் குடிக்காதவர்.

"எனக்கும் கொத்தாச்சு, தெரிஞ்சிபோச்சு" என்றார். "நாக்குல வச்சதும் கொத்தாச்சு. நான் துப்பிட்டேன், கர்சீஃப்ல. பால்ராஜண்ணா என் பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. என் முகத்தப் பாத்தாரு. நான் கீழ பாத்துட்டேன். அவர நிக்கவெச்சிக் கேட்டப்போ நான் ஒரு மாத்து, ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். பயம். நானும் குடிச்சேன்னு சொல்லுவாங்கன்னு பயம்."

உட்கார்ந்து தலையைக் கையில் பிடித்துக்கொண்டார்.

பாஸ்டர் பச்சைமுத்து மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "பிரதர் பால்ராஜ் சொன்னது உண்மை" என்றார். "நான்தான் தப்பு. அவரை நிறுத்தினது தப்பு." தட்டின்மேல் இருந்த துணியை அவர் எடுக்கவே இல்லை. அன்றைக்குப் பந்தி நடக்கவில்லை. அறுபது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் படி இறங்கிப் போனார்கள்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. வாங்கிக்கொள்ள வேண்டியவர் கல்லறையில் இருக்கிறார்.

செய்தி ஒரு வாரத்தில் எல்லாச் சபைக்கும் போய்விட்டது. ஒயின் செய்கிற வீட்டிலா நமக்கு ஜூஸ் செய்தாள் என்று மெதடிஸ்ட்டுகாரர்கள் நிறுத்தினார்கள். பெந்தெகொஸ்தேவுக்குச் செய்கிறவளிடமா நாம் வாங்கினோம் என்று லுத்தரன் கமிட்டி நிறுத்தியது. சி.எஸ்.ஐ.யில் இனிமேல் கடையில் வாங்கிக்கொள்கிறோம் என்று மரியாதையாகச் சொன்னார்கள். ஞானஸ்நானத்தில் ஒத்துப்போகாதவர்கள், பாட்டு முறையில் ஒத்துப்போகாதவர்கள், ஈஸ்டர் ஆராதனையைச் சேர்ந்து வைக்கலாமா என்று ஆறு வருஷம் மீட்டிங் போட்டுக் கலைந்தவர்கள். நாலு சபையும் ஒருமனதாக எடுத்த ஒரே தீர்மானம், கேரலிடம் வாங்கக் கூடாது என்பது.

அவள் வருத்தப்படவில்லை. ஜாடியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். இட்லி மாவு அரைத்து விற்கிறாள்.

ஒரு நாள் அவளிடம் கேட்டேன். "இப்பவும் வர்றாரா?"

"தெரியல. அன்னையிலருந்து நான் எந்தக் கோயிலுக்கும் போகல."

"என்கிட்ட நீ மன்னிப்பு கேக்கவே இல்லையே?"

"கேக்கறதுக்கு வாய் வரல மலரு."

"கேளு."

கேட்டாள். சரி, போ என்றேன். அவ்வளவுதான். ஐயரும் ஃபாதரும் பிரதரும் செய்ய முடியாததை மாவு வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டோம். அவள் அழுதாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உனக்கு என்னாடீ?" என்றாள்.

"உனக்குக் கேக்க நான் இருக்கேன்க்கா. நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?"

அவள் மாவு வாளியை இழுத்து மூடினாள்.

டிசம்பர் முதல் ஞாயிறு அவளை சி.எஸ்.ஐ.க்கு இழுத்துக்கொண்டு போனேன். நானும் அந்தக் கோயிலுக்குள் நுழைந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. கம்மல் ஓட்டை தூர்ந்துபோன காதோடு நடுவரிசையில் உட்கார்ந்தேன். எந்த சபையைச் சேர்ந்தவர்களாக இருந்தாலும் கர்த்தரை நேசிக்கிறவர்கள் வரலாம் என்று ஐயர் மைக்கில் சொன்னார். முழங்கால் வலிக்காரர்களுக்காகத் தட்டு வரிசைக்கே வரும் என்றும் சொன்னார்.

தட்டு மூன்று வரிசை முன்னால் வந்துகொண்டிருந்தபோது, கேரலக்கா மெதுவாகத் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள்.

"இருக்காரா?" என்று வாய்க்குள் கேட்டேன்.

"ம்."

"எழுந்து போறாரா?"

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இல்ல. இந்தத் தடவ எழுந்துக்கல. உக்காந்திருக்காரு." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "என்னைப் பாக்கல மலரு. உன்னைத்தான் பாக்கறாரு."

என் வாய்க்குப் பயந்து எங்கள் சந்தில் குழாய்க்காரன் சொன்ன நேரத்துக்கு வருவான். அந்த நான் அன்றைக்குக் கழுத்தைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்திருந்தேன். பின்கழுத்தில் அவர் பார்வை படுகிற இடம்கூட எனக்குத் தெரிந்தது.

தட்டு எங்கள் வரிசைக்கு வந்தது. கேரலக்கா பல மாதங்களுக்குப் பிறகு கை நீட்டி ஒரு கப்பை எடுத்தாள். குடித்தாள். என்னிடம் தட்டை நீட்டினாள். நான் அதை இரண்டு கையாலும் வாங்கி, ஒன்றும் எடுக்காமல், பக்கத்தில் இருந்த வயதான அம்மாவிடம் கொடுத்தேன்.